ஹெட் வேலைக்குப் பிறகு இழுக்காத லாரி: காரைக்குடியில் ஒரு டைமிங் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஆறு சிலிண்டர் டீசல் லாரி. உரிமையாளரே ஓட்டுநர். ஆத்தங்குடியிலிருந்து மதுரைக்கு டைல்ஸ், திருமயம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து காரைக்குடிக்கு ஜல்லி, இந்த இரண்டு லோடும்தான் அவருக்குப் பிழைப்பு. ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டும் மணலும் சேர்ந்த சரக்கு. பார்வைக்குப் பாதி லோடு போலத் தெரியும், எடை முழு லோடுக்கு வந்துவிடும். அதனால் இன்ஜினில் இழுவை கொஞ்சம் குறைந்தாலும் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்ஜினின் அமைப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இனி வரும் எல்லாம் அதைச் சார்ந்தவை. கேம் ஷாஃப்ட் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கில் இருக்கிறது, அவற்றின் மேல்மூடியான ஹெட்டில் இல்லை. அங்கிருந்து புஷ் ராட், ராக்கர் வழியாக வால்வுகள் திறக்கின்றன. கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றும் முன்பக்க டைமிங் கேஸுக்குள் பல்சக்கரங்களால் இணைந்திருக்கின்றன. பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. பிஸ்டன் எங்கே நிற்கும்போது வால்வு திறக்கிறது, டீசல் விழுகிறது என்ற பொருத்தம்தான் டைமிங். பம்ப் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கப்ளிங் மூலம் பூட்டப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபைரிங் ஆர்டர்) 1-5-3-6-2-4.

இந்த வகை இன்ஜினில் ஹெட்டைக் கழற்றினால் டைமிங் பல்சக்கரங்கள் அசைவதில்லை. கேம் ஹெட்டிலேயே இருக்கும் கார் இன்ஜின்களில் ஹெட்டை இறக்கினால் டைமிங்கைக் கலைத்தே ஆக வேண்டும். அந்தப் பேச்சு லாரிப் பட்டறைக்கும் வந்துவிட்டது. ‘ஹெட் இறக்கின வண்டி, டைமிங் போயிருக்கும்’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வண்டியிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஹெட் ஏன் இறங்கியது

கோடையில் ஜல்லி லோடுடன் திருமயத்திலிருந்து திரும்பும்போது வண்டி சூடேறி நின்றது. ரேடியேட்டரில் குமிழ் வந்தது, ஆயிலில் லேசாகத் தண்ணீர் கலந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருப்பது உறுதியானது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தபோது குழாய்களில் உப்புப் படிவு கெட்டியாகப் பிடித்திருந்தது. வழியில் கிடைத்த போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டி. செட்டிநாட்டில் பல ஊர்களில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, குடிக்கவும் சமைக்கவும் ஊருணிக்குப் போன ஊர்கள் இவை. அதே தண்ணீர் ரேடியேட்டருக்குள் மட்டும் நல்லபடியாக நடந்துகொள்ளாது.

முதலில் வேலை செய்த பட்டறையில் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பினார்கள். ஹெட் ஃபேசிங், வால்வு கிரைண்டிங், சீட் கட்டிங் எல்லாம் நடந்தன. 2, 5 இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சீட் (வால்வு உட்காரும் இடம்) மட்டும் வெந்திருந்ததால் அவற்றைக் கொஞ்சம் ஆழமாகவே வெட்ட வேண்டியிருந்தது. வண்டி எப்படியும் நிற்கிறது என்று, கசிந்துகொண்டிருந்த டீசல் பம்பையும் கழற்றி கேலிப்ரேஷனுக்குக் கொடுத்தார்கள். முடிவு சரியானதுதான். ஆனால் அன்று உண்மையில் டைமிங்கைத் தொட்ட ஒரே வேலை அதுதான். ஹெட்டுக்கும் டைமிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

பூட்டிய பிறகு நடந்தது

முதலில் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. சைலன்சரில் எரியாத டீசல் ஆவியாக வந்தது. பட்டறையின் மூத்த மெக்கானிக் இதைத் தானே கண்டுபிடித்தார். முன் புல்லியின் டி.டி.சி. குறி, அதாவது நம்பர் 1 பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி, கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும். நம்பர் 1 கம்ப்ரஷனில் இருக்கும்போதும் வரும், எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கும் ஓவர்லாப்பில் இருக்கும்போதும் வரும். பம்பை ஓவர்லாப் பக்கத்தில் பூட்டியிருந்தார்கள். அதைத் திருத்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது.

ஆனால் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை வந்தது, இழுவை இல்லை, லோடு ஏற்றினால் டெம்பரேச்சர் முள் ஏறியது. கொஞ்சம் ஓடிய பிறகு ஹெட் நட்டுகளைத் திரும்ப டைட் வைத்தார்கள். நிலைமை மேலும் மோசமானது. அப்புறம் கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பம்பை அட்வான்ஸ் பக்கம், அதாவது டீசல் முன்கூட்டி விழும் பக்கம், நகர்த்தினார்கள். வெள்ளைப் புகை கொஞ்சம் குறைந்தது, நாக்கிங் (இடிக்கிற சத்தம்) வந்தது, இழுவை மட்டும் திரும்பவில்லை. இன்னும் அட்வான்ஸ் செய்தார்கள். கடைசியில் கப்ளிங்கின் நீள்துளையில் போல்ட் நகர இடமில்லாத நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் பேச்சு ஒன்றுதான்: டைமிங் கியர் ஒரு பல் தாண்டியிருக்கிறது, முன்பக்க கேஸைப் பிரிக்க வேண்டும்.

அந்த நிலையில்தான் வண்டி எங்களிடம் வந்தது. மூத்த மெக்கானிக்கும் கூடவே வந்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வேலை செய்தவர் அருகில் இருந்து என்னென்ன தொட்டோம் என்று சொல்வது எந்தக் கருவியையும்விட உதவி.

முதல் முடிவு: கேஸைப் பிரிப்பதில்லை

“கியர் பல்லு தாண்டியிருக்கு தம்பி. கேஸைப் பிரிச்சாத்தான் தெரியும்” என்றார் அவர்.

“பிரிக்கிறது நம்ம கையிலதான் இருக்கு அண்ணே. அதுக்கு முன்னாடி நம்பர் ஒண்ணு டி.டி.சி. நெசமாவே எங்க இருக்குன்னு பாத்துருவோம்” என்றேன்.

காரணம் இருந்தது. டைமிங் கேஸின் நட்டுகளில் பழைய மண்ணும் ஆயிலும் அப்படியே காய்ந்து கிடந்தன. யாரும் தொட்டதில்லை. பூட்டியிருக்கும் பல்சக்கரம் தானாகப் பல் தாண்டாது. பல் உடைந்தோ, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி அறுந்தோ இருந்தால் சத்தமும் இரும்புத் துகளும் காட்டிக்கொடுக்கும். ஆயிலில் அப்படி எதுவும் இல்லை. தவிர, கிராங்க் பல்சக்கரத்தில் 28 பற்கள் என்றால் ஒரு பல் என்பது ஏறத்தாழ 13 டிகிரி. அவ்வளவு தப்பியிருந்தால் ஓவர்லாப்பில் வால்வுகள் ஆடும் ஆட்டத்திலேயே அது தெரியும்.

இன்னொரு முடிவும் அப்போதே எடுத்தோம்: அளந்து முடிக்கும்வரை வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லை. அந்த அளவு நாக்கிங்குடன் ஓட்டினால் புதிதாகப் போட்ட கேஸ்கெட்டும் பிஸ்டன் தலையும்தான் முதலில் அடி வாங்கும். ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட விட்டதோடு நிறுத்திக்கொண்டோம்.

கவனித்தவை

அந்த ஐடில் நேரத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்த்தோம். நல்ல சிலிண்டரின் டீசலை வெட்டினால் ஓட்டம் உடனே விழும். 1, 3, 4, 6 நான்கிலும் விழுந்தது. 2, 5 இரண்டிலும் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒரே ஓட்டம். அவை வேலையே செய்யவில்லை. பைப்புகள் சரியான வரிசையில்தான் இருந்தன, ஏர் லாக் இல்லை, அந்த இரண்டு நாசில்களையும் கழற்றிச் சோதித்தபோது ஸ்ப்ரேயும் நன்றாக இருந்தது. பம்ப் டைமிங் தப்பினால் ஆறு சிலிண்டருக்கும் சேர்ந்தேதான் தப்பும். இரண்டு மட்டும் செத்துக் கிடப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கப்ளிங் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களில் 25 பாருக்கு மேல் வந்தது. 2, 5 இரண்டும் 18க்குப் பக்கத்திலேயே நின்றன.

ஆறவிட்டு ராக்கர் கவரைத் திறந்தோம். இந்த இன்ஜினின் கையேட்டில் ஆறிய நிலையில் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடுவது) இன்லெட்டுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 மி.மீ. ஆறு எக்ஸாஸ்ட் வால்வில் ஒன்றில்கூட 0.30 இல்லை. பெரும்பாலானவற்றில் 0.10 தகடு இறுக்கமாகத்தான் நுழைந்தது. 2, 5 இரண்டிலும் இடைவெளியே இல்லை, புஷ் ராடை விரலால் சுற்ற முடியவில்லை.

எப்படி இப்படி ஆனது என்று மூத்த மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பூட்டும்போது இரண்டு வகை வால்வுக்கும் ஒரே 0.20 தகட்டை வைத்து அட்ஜஸ்ட் செய்திருக்கிறார்கள். பிறகு கேஸ்கெட் அமர்ந்ததும் ஹெட்டை மறுபடி டைட் வைத்திருக்கிறார்கள். ஹெட் கீழே இறங்கினால் அதன்மேல் உட்கார்ந்த ராக்கரும் இறங்கும், புஷ் ராடின் நீளம் மாறாது, ஆகவே இடைவெளி குறையும். புதிதாக வெட்டிய சீட்டில் வால்வு படிந்து உட்காரும்போதும் அதன் தண்டு மேலே வந்து இடைவெளி இன்னும் குறையும். ஆழமாக வெட்டியவை 2, 5. மறுபடி டைட் வைத்த பிறகு டேப்பட்டை யாரும் பார்க்கவில்லை. சூடேறி வால்வு நீண்டதும் அந்த இரண்டு எக்ஸாஸ்ட்டும் முழுதாக மூடாமல் கம்ப்ரஷனைக் கசியவிட்டிருக்கின்றன.

இது பாதிக் கதை. மற்ற நான்கு சிலிண்டர்களிலும் ஆரம்பத்தில் வெள்ளைப் புகை வந்ததே, அதற்கு இது பதில் இல்லை.

புல்லியின் குறி

முன் புல்லி ஒரே இரும்பாக வார்த்தது இல்லை. நடுவில் ஹப், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே கனமான வளையம். கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தாங்கும் டாம்பர் அது. டிகிரிக் குறிகள் வெளி வளையத்தில் இருக்கின்றன. முன் ஆயில் சீல் கசிந்து அந்த ரப்பர் ஊறியிருந்தது, ஓரிடத்தில் வெளியே பிதுங்கியும் இருந்தது. ரப்பர் விட்டுவிட்டால் வளையம் ஹப்பின்மேல் நழுவும். குறியும் கூடவே நழுவும். இந்த மாடலில் ஃப்ளைவீல் பக்கம் பார்க்கக் குறி கிடையாது. ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்த்தாலும் அது இதே குறியைத்தான் காட்டும், அதுவும் தவறாகவே சொல்லும்.

எனவே டி.டி.சி.யை பிஸ்டனிடமே கேட்டோம். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நம்பர் 1 பிஸ்டனை ஏறத்தாழ மேலே கொண்டுவந்து, அதன் இன்லெட் வால்வின் ஸ்பிரிங்கையும் லாக்கையும் எடுத்தோம். தண்டில் இறுக்கமான ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்காரவிட்டோம். அந்த வளையம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கிராங்கைக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றினால் வால்வு உள்ளே விழுந்துவிடும், பிறகு ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். தண்டின்மேல் டயல் கேஜை வைத்தோம். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாததுபோல நிற்கும், முள்ளை மட்டும் பார்த்து டி.டி.சி.யைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. அதனால் உச்சிக்கு முன்னால் 1 மி.மீ. கீழே ஒரு கோடு, உச்சியைத் தாண்டி 1 மி.மீ. கீழே ஒரு கோடு என்று புல்லியில் போட்டு, இரண்டுக்கும் நடுவை எடுத்தோம்.

அந்த நடுக்கோடும் புல்லியின் பழைய டி.டி.சி. குறியும் ஏறத்தாழ 20 மி.மீ. விலகியிருந்தன. புல்லியின் விட்டம் 280 மி.மீ., சுற்றளவு சுமார் 880, ஒரு டிகிரிக்கு 2.4 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக விலகல் சுமார் 8 டிகிரி. வளையம் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நழுவியிருந்தது. உண்மையான டி.டி.சி. கடந்து 8 டிகிரிக்குப் பிறகே குறி, புல்லிக்கு எதிரே அசையாமல் நிற்கும் முள்ளுக்கு நேராக வருகிறது.

அப்படியென்றால் இத்தனை காலம் வண்டி எப்படி ஓடியது? பம்பின் ஃபிளாஞ்சிலும் பிளாக்கிலும் பழைய உளிக்கோடு ஒன்று இருந்தது என்றார் மூத்த மெக்கானிக். எப்போது பம்பைக் கழற்றினாலும் அந்தக் கோட்டுக்குக் கோடு பொருத்துவார்கள், புல்லியைப் பார்க்கவே தேவை வந்ததில்லை. இந்தமுறை பம்ப் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்து வந்திருந்தது. கோடு மறைந்துவிட்டது. முதல்முறையாகப் புல்லியின் குறியை நம்பிப் பூட்டினார்கள்.

கையேட்டின்படி இந்த இன்ஜினுக்கு பம்ப் டைமிங் டி.டி.சி.க்கு முன் 20 டிகிரி. புல்லிக் குறிப்படி 20 வைத்தது உண்மையில் 12ஆக இருந்திருக்கிறது. டீசல் தாமதமாக விழுந்தால் வெள்ளைப் புகை, மந்தமான இழுவை, கூடுதல் சூடு எல்லாம் வரும். ஆரம்பத்தில் சொன்னவை எல்லாமே அவைதான்.

பம்ப் இப்போது எங்கே நிற்கிறது என்று ஸ்பில் டைமிங் பார்த்தோம், அதாவது பம்ப் டீசலை அழுத்தத் தொடங்கும் இடத்தை டீசல் ஓட்டம் நிற்பதை வைத்துப் பிடிப்பது. பம்பில் நம்பர் 1 சிலிண்டருக்கான எலிமெண்டின் டெலிவரி வால்வை எடுத்து, வளைந்த ஸ்வான் நெக் பைப்பை மாட்டி, டீசல் அளவை மாற்றும் ரேக்கை முழு டீசலில் வைத்து, கிராங்கை ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினோம். பின்பக்கம் திருப்பினால் பல்சக்கர விளையாட்டு அளவில் கலந்துவிடும். ஓட்டம் நின்று சொட்டாக மாறிய இடம் உண்மையான டி.டி.சி.க்கு முன் 27 டிகிரி.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் இதுதான். 12இலிருந்து 27க்குப் போகும் வழியில் அவர்கள் 20ஐக் கடந்துதான் போயிருக்கிறார்கள். சரியான இடத்தில் பம்ப் நின்றபோதும் இன்ஜின் சரியாக ஓடவில்லை, ஏனென்றால் 2, 5 இரண்டும் கசிந்துகொண்டிருந்தன. காது கேட்டது ஆறு சிலிண்டரின் சத்தத்தை இல்லை. அந்த மெக்கானிக்கின் காது நல்ல காது, ஆறும் சமமாக ஓடும் இன்ஜினில் அவர் ஒரு டிகிரி வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார். இங்கே அந்தக் காதுக்குச் சரியான சேதி போய்ச் சேரவில்லை.

செய்த வேலையும் அதன் வரிசையும்

முதலில் டேப்பட், அப்புறம்தான் பம்ப் என்று முடிவு செய்தோம். கம்ப்ரஷன் சரியில்லாத இன்ஜினில் டைமிங்கைச் சரிபார்க்க வழியில்லை.

நம்பர் 1 வால்வைத் திரும்பப் பூட்டி, ஹெட் நட்டுகளைக் கையேட்டு வரிசையில் டார்க் ரென்ச்சால் சரிபார்த்தோம். பிறகு ஜோடி முறையில் டேப்பட் வைத்தோம். 1-6, 5-2, 3-4 என்று ஜோடிகள். ஒன்று ஓவர்லாப்பில் ஆடும்போது அதன் ஜோடியில் இடைவெளி பார்க்க வேண்டும். இதற்குப் புல்லிக் குறியே தேவையில்லை. நம்பர் 6 ஆட்டம் உண்மையான டி.டி.சி.யை ஒட்டியே நடந்தது, ஆகவே கேம் கியர் பல் தாண்டவில்லை என்பதும் இங்கேயே உறுதியானது. மூத்த மெக்கானிக் அதைத் தன் கையால் ராக்கரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சரி தம்பி, கேஸைத் தொட வேணாம்” என்றார்.

இன்ஜினைக் கையால் பலமுறை சுற்றி 2, 5 எக்ஸாஸ்ட்டைத் திரும்பவும் அளந்தோம், 0.30 நின்றது. கம்ப்ரஷனும் மற்ற சிலிண்டர்களை நெருங்கி வந்தது. வால்வுகள் வெந்துபோகும் அளவுக்கு வண்டி ஓடியிருக்கவில்லை, அது நல்ல காலம்.

அடுத்து பம்ப். 27இலிருந்து 20க்கு வர கிராங்கில் 7 டிகிரி. பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கப்ளிங்கில் மூன்றரை டிகிரிதான் நகர வேண்டும். இதை மறந்து கப்ளிங்கிலேயே 7 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 14 போய்விடும், வண்டி மறுபடி தாமதப் பக்கம் விழும். நகர்த்திய பிறகு ஸ்பில்லை இன்னொருமுறை பார்த்து, பிறகுதான் கப்ளிங்கை இறுதியாக டைட் வைத்தோம். ஃபிளாஞ்சிலும் பிளாக்கிலும் புது உளிக்கோடு போட்டோம். உண்மையான டி.டி.சி.க்கான கோட்டை வளையத்தில் போடாமல் ஹப்பில் போட்டோம்.

பின்பு நிகழ்ந்தது

காலைக் குளிரில் செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. வெள்ளைப் புகை சூடேறும்முன்பே அடங்கியது. பைப் நட்டுகளை மறுபடி தளர்த்திப் பார்த்தபோது ஆறும் ஒரே மாதிரி பதில் சொன்னன. காலி வண்டியைக் குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, டைல்ஸ் லோடுடன் மேலூர் வழியாக மதுரைக்கு அனுப்பினோம். இழுவை திரும்பிவிட்டது என்றார் உரிமையாளர்.

டெம்பரேச்சர் மட்டும் லோடில் அவர் விரும்பிய அளவுக்கு இறங்கவில்லை. அது டைமிங் சம்பந்தப்பட்டது இல்லை. ஹெட் வேலையின்போது ரேடியேட்டரை வெறும் தண்ணீரால் அலசியிருந்தார்கள், படிவு அப்படியே இருந்தது. டேங்கைப் பிரித்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றிய பிறகு முள் தன் இடத்தில் நின்றது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

ஹெட் இறங்கியிருக்கும்போது நம்பர் 1 பிஸ்டன் தலை கண்முன்னே திறந்து கிடக்கிறது. அப்போது டயல் கேஜை நேரே வைத்தால் உண்மையான டி.டி.சி.யைக் கண்டுபிடிக்க சில நிமிடம் போதும். வால்வைத் தொங்கவிடும் இந்தப் பாடு எதுவும் தேவைப்பட்டிருக்காது. ரப்பர் டாம்பர் உள்ள எந்தப் பழைய வண்டியிலும் ஹெட் இறங்கினால் அந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது. அந்தப் பட்டறையில் இப்போது அப்படிச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள்.

பம்பைக் கழற்றும்முன் கோடு இருக்கிறதா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும். கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கும்போதே அந்தக் கோட்டின்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஹெட்டை மறுபடி டைட் வைப்பதும் டேப்பட் பார்ப்பதும் ஒரே வேலை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் டைட் வைக்காமல் இருந்ததைவிடக் கெடுதல். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனித் தகடு எடுத்து வைக்க வேண்டும், எந்த வால்வுக்கு எவ்வளவு வைத்தோம் என்று ஓர் அட்டையில் எழுத வேண்டும். 2, 5 போல ஆழமாக வெட்டிய சீட்டுகளை அந்த அட்டையில் தனியாகக் குறித்தால், அடுத்துப் பார்க்கிறவர் முதலில் அவற்றைத் திறப்பார்.

இந்த வண்டியில் அந்தக் குறிப்பு உதவியும் விட்டது. மதுரை லோடு முடிந்து டைட் வைத்துத் திரும்பவும் பார்த்தபோது 5ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் 0.30இலிருந்து 0.20க்கு வந்திருந்தது. திரும்ப வைத்தோம். அதற்கடுத்த சோதனையில் அசையவில்லை, சீட் படிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

டாம்பரை மாற்றச் சொன்னோம். குறியைச் சரிசெய்துவிட்டால் போதும் என்று உரிமையாளர் முதலில் நினைத்தார். வளையம் நழுவிய டாம்பர் அதிர்வைத் தாங்காது, கிராங்க் ஷாஃப்ட் உடையும் அபாயம் உண்டு என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார். புது டாம்பரும் முன் ஆயில் சீலும் போட்ட அன்று, அதன் குறியை ஹப்பில் நாங்கள் போட்டிருந்த கோட்டிலிருந்து கிடைத்த டி.டி.சி.யோடு ஒத்துப்பார்த்தோம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. ஸ்பில்லும் 20இலேயே நின்றது.